அகர வரிசையில் புல்

மாட்சிமை பொருந்திய பயிர்க் காப்பு அலுவலகத்தில், 'களைக்கொல்லிச் சொற்களுக்குப் பொருள் காணும் உயர்மட்டக் குழு' அமைக்கப்பட்டது. காரணம் நியாயமானதுதான். மருந்து டப்பாவில் 'புல்லை மட்டும் கொல்லும், பயிரைத் தொடாது' என்று எழுதியிருந்தது. புல் எது, பயிர் எது என்று அரசாங்கமே சொல்லாதபோது, பாவம், மருந்துக்கு எப்படித் தெரியும்? ஆகவே, பொருள் முடிவாகும்வரை யாருக்கும் மருந்து வாங்க அனுமதிச் சீட்டு கிடையாது என்று உத்தரவாயிற்று.

அவரை பயிரிட்டிருந்த விவசாயி ஒருவர், ஊராருக்கு அவரைக்காரர், அலுவலகத்துக்கு ஓடி வந்தார். அவருடைய வயலில் அவரைச் செடிகளுக்கு நடுவே புல் மூன்று இலை விட்டிருந்தது. இப்போது அடித்தால்தான் மருந்து கேட்கும். முற்றிவிட்டால் இந்த வருஷ விளைச்சல் அம்பேல்.

"சார், 'புல்'லுக்கு மட்டும் இன்னைக்கே அர்த்தம் சொல்லிடுங்களேன்" என்று குழுத் தலைவரிடம் கெஞ்சினார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதெப்படிங்க? அகர வரிசைன்னு ஒண்ணு இருக்கே. இப்போ 'அகன்ற இலை'யில இருக்கோம். வாரத்துக்கு ஒரு சொல்."

"அதுவரைக்கும் புல்லு சும்மா இருக்குமா சார்?"

"அது புல்லோட ஒழுங்கீனம். நாங்க என்ன பண்ண முடியும்?"

சரி, கையாலாவது பிடுங்குவோம் என்று அவரும் வீட்டுக்காரியும் குனிந்த அன்றே இரண்டாவது உத்தரவு வந்தது: 'பொருள் வரையறுக்கப்படாத தாவரத்தைப் பிடுங்குதல் குற்றமாகும்.'

'இலை' மட்டுமே மூன்று வாரத்தைத் தின்றது. காம்பும் அதில் சேர்த்தியா என்று ஓர் உறுப்பினர் கேட்டுத் தொலைத்தார். 'களை' வந்தபோது புல் முழங்கால் உயரம். 'களை: பயிர் அல்லாதது' என்று எழுதிவிட்டு, சாதனை புரிந்த களைப்பில் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள்.

'பயிர்' வந்த நாளில் புல் இடுப்பைத் தொட்டிருந்தது. தலைவர் கனைத்துக்கொண்டு வாசித்தார்: "ஒரு வயலில் எது அதிகமாக நிற்கிறதோ, அதுவே பயிர். ஆட்சேபணை இருந்தா ஒரு மாசம் தள்ளிப்போகும். சம்மதம்னா கை தூக்குங்க."

காத்திருந்த விவசாயிகள் மொத்தப் பேரும் கை தூக்கினார்கள். அவரைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். என்ன எழவாகவோ இருக்கட்டும், 'புல்' வந்து சேர்ந்தால் போதும் அவருக்கு.

அதுவும் வந்தது. ஆய்வாளர் வயலில் இறங்கி ஒவ்வொரு செடியாக எண்ணிவிட்டுப் போனார். மறுவாரம் சீட்டு தயார்.

'பயிர்: புல். களை: அவரை. ஏழு நாளுக்குள் களையை அழிக்கத் தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

"அய்யோ சார், நான் விதைச்சதே அவரைதான்!"

"'விதை' இன்னும் வரலைங்க" என்றார் குமாஸ்தா பொறுமையாக. "அது 'வ' வரிசை."

அவரைக்காரர் சீட்டைக் கிழித்து மேஜைமேல் எறியப் போனார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "அண்ணே, சண்டையை வெளியில வெச்சுக்கங்க. நீங்க ஆட்சேபணை பண்ணினா எங்க சீட்டும் நின்னுபோகும்!"

திரும்பிப் பார்த்தார். நாற்பது பேர் நின்றார்கள். அத்தனை பேர் முகத்திலும் அவர்மேல்தான் கோபம்.

கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்த ஆள் முண்டியடித்துக்கொண்டு வந்து, தன் சீட்டைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "அப்பாடா, ஒருவழியா கிடைச்சுதுப்பா" என்று குமாஸ்தாவுக்கு ஒரு கும்பிடும் போட்டார்.