உலகநாதனுக்கு வந்த மஞ்சள் காமாலை

மூன்று மாதம் முடிகிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடுவதில்லை. திருநின்றவூர்ப் பெருமாள் கோயிலில், 'என்னைப் பெற்ற தாயார்' என்று பேர் கொண்ட அம்மன் சன்னதியில், கற்பூரம் எரிய எரிய உலகநாதன் இப்படி வேண்டிக்கொண்டான். தாயாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள். அவன் வாயை அவன் கட்டிவிடலாம். அவன் பெண்டாட்டி நாகவல்லியின் வாயை யார் கட்டுவது? விடிந்தால் வாந்தி. பல் தேய்த்தால் வாந்தி. தெருவில் பால்காரன் மணி அடித்தால் அதற்கும் ஒரு வாந்தி.

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருஷம் இரண்டாம் மாதமே சந்தோஷம் தாங்காமல், தான் வேலை செய்யும் பட்டறை முழுக்க ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தான். பத்தாம் நாள் அது கலைந்துபோயிற்று. கண் பட்டுவிட்டது, நம் நாக்குதான் காரணம் என்று அவனுக்கு உள்ளுக்குள் ஒரு உறுத்தல். அதை அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

நாகவல்லிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வேலை. அப்போதெல்லாம் கரியில் ஓடும் ரயில்தான். காலை ஏழு மணி வண்டியில் புகையோடு புகையாக நின்றுகொண்டே போக வேண்டும். ஏறும்போதே பாதி உயிர் போய்விடும். பட்டாபிராம் வருவதற்குள் மீதியும் போய்விடும்.

"மாமா, ஒரு மாசம் லீவு போடணும். நிக்க முடில," என்றாள்.

"போடு. ஆனா காரணத்த எழுதாதே. இன்னும் மூணு மாசம் முடில."

"காரணம் இல்லாம எவன் குடுப்பான்?"

"புருசனுக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துக்கணும்னு எழுது. ஜொரம்னு போடு."

"ஜொரத்துக்கு மூணு நாளு."

"பேதி?"

"ரெண்டு நாளு."

"பின்ன இன்னா நோவுதான்மே ஒரு மாசம் நிக்கும்?"

நாகவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். "மஞ்சக் காமாலை நிக்கும்."

அது தனக்கே தோன்றியதுபோல உலகநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எழுது. எனது கணவர் மஞ்சள் காமாலையால் படுத்த படுக்கையாகக் கிடப்பதாலும், அவருக்கு என்னை விட்டால் வேறு நாதி இல்லாததாலும்..." நாதி என்கிற இடத்தில் அவனுக்கே கண் கலங்கிவிட்டது.

கலங்கிய கையோடு பசி எடுத்தது. "நாலு நெத்திலிக் கருவாடு வறுத்துடேன்."

மூக்கைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வறுத்து வைத்தாள். "அந்த வாசனதான் மாமா என்ன ரயிலவிட அதிகமா படுத்துது. கொஞ்ச நாளைக்குக் கருவாடு வாணாமே."

"உம்," என்றான். கருவாடு வாயில் இருக்கும்போது அவன் எதற்கும் "உம்"தான்.

லீவு கிடைத்துவிட்டது. நம் மூளையே மூளை என்று உலகநாதன் அந்த வாரம் முழுவதும் மிதந்தான். ஞாயிற்றுக்கிழமை தட்டும் கருவாடுமாக உட்கார்ந்திருந்தபோது வாசலில் குரல் கேட்டது. நாகவல்லிக்குப் பக்கத்து மேஜையில் கம்பி சுற்றும் கெங்கம்மாள். இரண்டு தெரு தள்ளித்தான் அவள் வீடு. கூட இன்னும் மூன்று பெண்கள், நோயாளியைப் பார்க்க.

தட்டைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். கெங்கம்மாள் நேராக வந்து அவன் கண் இமையைக் கீழே இழுத்தாள்.

"இன்னா நைனா, வேப்பம்பழம் தோத்துடும் போல கீது."

"மஞ்சளாவா கீது?" உலகநாதனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"வாயத் தெற. கருவாட்டு வாசன அடிக்குதே."

"அது ஈரல்லேர்ந்து வர்ற வாசனக்கா," என்றாள் நாகவல்லி.

நல்ல வேளை, காப்பாற்றினாள் என்று அவன் மூச்சு விட்டான்.

"அப்போ முத்திப்போச்சு," என்றாள் கெங்கம்மாள். "கீழாநெல்லிய வேரோட அரச்சு மோருல, நாப்பத்தெட்டு நாளு. எண்ணெ ஆவாது. உப்பு ஆவாது. ஊட்ல தாளிக்கிற வாசனகூட நோயாளிக்கு ஆவாது. பட்டறைக்கு வேணா போய்க்கோ, வாய மட்டும் கட்டு. ஸ்டேஷனுக்குப் போற வழியில தினம் நானே வந்து ஊத்திட்டுப் போறேன்."

போகும்போது கருவாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொன்னபடி மறுநாள் டம்ளரோடு வந்து நின்றாள். அதற்கும் மறுநாள் வந்தாள். வீட்டில் எண்ணெய் காயவில்லை. நாகவல்லி கஞ்சி குடித்தாள். இரண்டாவது வாரம் அந்தக் கஞ்சி வயிற்றில் தங்க ஆரம்பித்தது. உலகநாதனுக்குத்தான் எதுவும் தங்கவில்லை. ஒரு நாள் கீழாநெல்லி உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தது. கொல்லைப்புறத்துக்கு ஓடிக் குனிந்தான். குடலே வெளியே வருகிற மாதிரி இருந்தது. அப்போது நெற்றியில் ஒரு கை. ஜில்லென்று, மெலிந்துபோன கை. நாகவல்லி அவன் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

இதே கொல்லையில் இவள் எத்தனை நாள் குனிந்து நின்றிருப்பாள். ஓங்கரிக்கிற சத்தம் பிடிக்காமல் இவன் பேப்பரை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவான். போன வருஷமும் அப்படித்தான். ஒரு நாளாவது இவள் நெற்றியைப் பிடித்தோமா? வாயைக் கொப்பளித்துவிட்டு, கிணற்றில் தண்ணீர் சேந்தி அவளுக்கும் ஒரு சொம்பு நீட்டினான். மறுநாளிலிருந்து அவள் குனிந்தால் இவன் பிடித்தான், இவன் குனிந்தால் அவள் பிடித்தாள்.

தாயார் புண்ணியத்தில் மூன்று மாதம் முடிந்தது. நாகவல்லியின் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருந்தது. அன்று காலை டம்ளரோடு வந்த கெங்கம்மாளிடம் உலகநாதன் பெருமையாக லட்டை நீட்டினான்.

"அக்கா, இத்தினி நாளா மறச்சு வெச்சோம். நாகு முழுகாம கீது."

"அது தெரியுமே," என்று லட்டை வாயில் போட்டுக்கொண்டாள். "லீவு கேட்ட அன்னிக்கே நாகு மேஸ்திரி செங்கல்வராயன்கிட்ட மசக்கை வாந்தின்னு சொல்லி, டாக்டர் சீட்டும் குடுத்துச்சு. எங்க எல்லாருக்குமே தெரியும்."

"அப்போ என் காமாலை லெட்டரு?"

"அத்த வெச்சு அன்னிக்கே அடுப்புப் பத்த வெச்சிட்டேன்," என்றாள் நாகவல்லி.

"கண்ணு பட்ருமேன்னுதானே நாகு..."

"போன தடவ நீ உன் பட்டறைல முட்டாய் குடுத்தே. நான் என் கம்பெனில வாயத் தெறக்கல. கடைசி நாள் வரைக்கும் அந்தப் பொகையில நின்னுகினே போனேன். எதனால போச்சோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இந்தத் தடவயாச்சும் படுத்துக் கெடக்கலாம்னு தோணிச்சு. உன் நாக்காலன்னு நீ நெனச்சுகினு கீறது எனக்குத் தெரியும் மாமா. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

உலகநாதன் பேச்சை மாற்ற டம்ளரைப் பார்த்தான். "காமாலையே இல்லன்னு தெரிஞ்சும் எதுக்குக்கா இத்த ஊத்தினே?"

"ஊட்ல கருவாடு வறுக்கறது நிக்கணும், இன்னா பண்றதுன்னு நாகுதான் கேட்டுச்சு."

அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். "ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே, நாகு."

"நாலு தடவ சொன்னேன் மாமா. நாலு தடவையும் வாய் நெறைய கருவாடு வெச்சிருந்தே."