தொடாதீங்க என்று சொன்ன டப்பா

ஊரில் உள்ள மூஞ்சிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் வழவழவென்று தேய்த்துக் கொடுக்கிற ஃபோட்டோக்காரருக்குத் தன் மூஞ்சியைப் பற்றி ஒரு கவலையும் இருந்ததில்லை. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்த ஒரு பெண் வாயைத் திறக்கிற வரைக்கும்.

ஸ்டுடியோவின் கண்ணாடி ஜன்னலில் மாட்டியிருந்த படத்தைக் காட்டி, "சார், இது உங்க பொண்ணா? ரொம்ப லட்சணமா இருக்காங்க" என்றாள் அவள்.

படத்தில் இருந்தது அவருடைய மனைவி. கல்யாணமான புதிதில் அவரே எடுத்த படம். 'படம் பழசு, அந்தப் பெண் கேட்டதில் தப்பில்லை' என்று நாலு பேர் எடுத்துச் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சொல்ல ஆளில்லை. "சிரிக்கக் கூடாது" என்று அவளைக் கொஞ்சம் கடுமையாகவே மிரட்டிப் படமெடுத்து அனுப்பிவிட்டு, தன்னைத்தானே ஒரு படம் எடுத்துப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தார்.

ஐயோ! கண்ணோரம் முழுக்கக் கோடு. நெற்றியில் ஏர் பூட்டி உழுதிருந்தது.

"ஊரார் கல்யாணத்தையெல்லாம் படம் பிடிக்கிறீங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்து உருப்படியா ஒரு படம் உண்டா?" என்று மனைவி வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் வருஷக்கணக்காக "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சபதமே போட்டுவிட்டார். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஜோடியாகப் படம் எடுத்து ஜன்னலில் மாட்டியாக வேண்டும். பார்க்கிறவன் எவனும் அப்பாவும் மகளும் என்று சொல்லிவிடக் கூடாது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு புது டப்பா உட்கார்ந்திருந்தது.

"என்னம்மா இது?"

"பெப்டைட் கிரீம். கம்பெனிக்காரங்க சாம்பிள் குடுத்தாங்க. சுருக்கம் குறையுமாம்."

"நிஜமாவா?"

"அவங்க சொல்றாங்க. கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம். பெப்டைட் பொதுவா சாதுதான். ஆனா வாசனைக்குன்னும் கெட்டுப் போகாம இருக்கன்னும் கூட என்னென்னமோ கலந்திருப்பாங்க. சிலருக்கு அரிக்கும், செவக்கும். முதல்ல கையில துளி தடவி சில நாள் பொறுத்துப் பாக்கணும்."

"பாத்துட்டு?"

"ஒண்ணும் ஆகலேன்னா நான் போட்டுக்குவேன். நீங்க தொடாதீங்க. ஷேவிங் லோஷன் மாத்தினதுக்கே மூஞ்சி பலூன் மாதிரி உப்பின ஆளு நீங்க."

"சேச்சே! ஆம்பளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பி, தெருமுனை கூடத் திரும்பியிருக்க மாட்டாள். நம்ம ஆள் டப்பாவைத் திறந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தார். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அப்பினார். கண்ணைச் சுற்றி இன்னும் ஒரு பூச்சு. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

என்ன ஆச்சரியம்! ஒரு கோடு இல்லை. நெற்றி தரிசாகக் கிடந்தது.

தினமும் இதே கூத்து. தினமும் முகம் அதே வழவழப்பு. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மூக்குக்கண்ணாடி போட்டால் வயசு தெரிகிறது என்று, திரையில் வேலை செய்கிற நேரம் தவிர அதைப் பையிலேயே வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

படம் எடுக்கும் ஞாயிறுக்கு முந்தின நாள். ஸ்டுடியோவில் இன்னொரு பூச்சு போட்டுக்கொள்ளலாம் என்று டப்பாவை அட்டைப்பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வழியில் பக்கத்துச் சலூன்காரரிடம் ஷேவிங். அது முடிந்து, அங்கேயே ஒரு பூச்சும் பூசிக்கொண்டார். பெருமை அடித்துக்கொள்ளாமல் இருக்க முடியுமா?

"என் மூஞ்சியைப் பாருங்க. ரகசியம் இதுலதான் இருக்கு."

சலூன்காரர் மூஞ்சியைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கே?"

"நான் இப்ப கண்ணாடி போடறதில்ல. நீங்களே படிங்க."

"முதலில் சிறிய இடத்தில் தடவிச் சோதிக்கவும். பண்ணீங்களா?"

"மேலே படிங்க."

"கண்ணுக்கு அருகில் தடவ வேண்டாம்."

"ஐயையோ!"

"எரிச்சல், சிவப்பு, வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்கவும். கீறல் பட்ட தோலில் தடவக் கூடாது. அடடா... இப்பதான் அண்ணே தாடையில ரெண்டு இடத்துல கீறிட்டேன்."

"கீறினீங்களா! சொல்லவே இல்லையே?"

"லேசாத்தான். நீங்க பேச்சு சுவாரஸ்யத்துல இருந்தீங்க."

அவ்வளவுதான். மூக்கு அரித்தது. காது அரித்தது. கிரீமே படாத உள்ளங்கால் கூட அரித்தது. சலூன் துண்டு தோளில் தொங்கத் தொங்க மருந்துக்கடைக்கு ஓடினார்.

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்! கண்ணு போறதுக்குள்ள சொல்லிடறேன்!"

மனைவி நிதானமாகக் கேட்டாள். "டப்பாவைத் தொட்டீங்களா?"

"தொட்டேன்."

"எங்கெல்லாம் தடவினீங்க?"

"எங்க தடவலேன்னு கேளு!"

அலமாரிக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனைவி அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பினாள்.

"ஒண்ணும் ஆகாது. அது பச்சைக் குழந்தைக்குத் தடவற கிரீம்."

"என்னது?"

"டப்பாவைக் கொண்டு வந்த அன்னைக்கே கழுவி மாத்தி வெச்சுட்டேன். தொடாதீங்கன்னா நீங்க தொடாம இருப்பீங்களா? நிஜமானதை என் கையில மட்டும் தடவிப் பாத்தேன். இதோ பாருங்க."

முழங்கையின் உள்பக்கம் சிவந்து தடித்து, இப்போதுதான் ஆறிக்கொண்டு வந்த ஒரு தடம்.

"எனக்கே இப்படின்னா, உங்க தோலுக்குக் கேக்கணுமா? அப்பவே குப்பையில போட்டுட்டேன்."

உள்ளங்கால் அரிப்பு சட்டென்று நின்றது. ஆனாலும் ஒரு சந்தேகம். "அப்ப என் சுருக்கம் எப்படிப் போச்சு?"

அவள் அவருடைய சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டு, பவுடர் தட்டில் இருந்த கைக்கண்ணாடியை நீட்டினாள். கோடுகள் அத்தனையும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திருடப் போகிறான் என்று தெரிந்தும் திட்டாமல், எனக்கு வர வேண்டியதைத் தன் கையில் வாங்கிக்கொண்டிருக்கிறாளே! இவளைக் கட்டிக்கொள்ள நான் என்ன புண்ணியம் செய்தேனோ என்று உருகிப் போனார்.

"உனக்கு நான் என்னம்மா கைம்மாறு பண்றது?"

"நாளைக்கு என் பக்கத்துல வந்து உக்காருங்க. அது போதும்."

உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி, கோடு, உழுத நெற்றி எல்லாவற்றோடும். கேமராவில் டைமரை முடுக்கிவிட்டு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஊர் மூஞ்சியையெல்லாம் தேய்க்கிறவர், அந்தப் படத்தில் மட்டும் ஒரு புள்ளி கூடத் தொடவில்லை. ஜன்னலில் அதை மாட்டிவிட்டு, நின்று நின்று பார்த்தார். மனசு நிறைந்திருந்தது. மனைவி அப்படிச் சிரித்து அவர் பார்த்ததே இல்லை.

மறுநாள் அந்தப் பாஸ்போர்ட் பெண் இன்னும் சில பிரதி வேண்டும் என்று வந்தாள். விடுவாரா?

"இப்ப சொல்லும்மா. பக்கத்துல இருக்கறது என் பொண்ணா?"

"ஐயோ சார், எனக்கு அக்காவைத் தெரியாதா? போன மாசம்தான் அவங்க மருந்துக்கடையில வேலைக்குச் சேர்ந்தேன். 'உங்க பொண்ணான்னு ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வா, மனுஷன் தானா வந்து ஃபோட்டோவுக்கு உக்காருவார்'னு அவங்கதான் சொல்லி அனுப்பினாங்க."

ஃபோட்டோக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தை இன்னொரு தரம் பார்த்தார். மனைவி ஏன் அப்படிச் சிரித்திருக்கிறாள் என்று இப்போது துல்லியமாகத் தெரிந்தது.