நீச்சல் குளச் சுவரில் குதிக்கும் பெண்மணி குறித்து

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கே நானும் உங்கள் தங்கையும் சுகம். அங்கே உங்கள் சுகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. பேனா மூன்று இடங்களில் தாளைத் துளைத்திருக்கிறது. இந்த வயதில் கையில் இவ்வளவு வலு இருப்பது மகிழ்ச்சிக்குரியது.

“மாப்பிள்ளை, நம்ம வீட்டுப் பொண்ணு பதினெட்டு அடி உயரத்துக்கு வாயைப் பொளந்துக்கிட்டு ஊருக்கு நடுவுல நிக்கிறா, நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகள் போனில் காட்டிய படம் சற்று மங்கலாக இருந்திருக்க வேண்டும். உங்கள் தங்கை நிற்கவில்லை, குதிக்கிறாள். உயரமும் பதினாறே முக்கால் அடிதான், நானே அளந்தேன். நான் வெள்ளிக்கிழமை இறுதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்குள் அந்த உருவத்தைச் சுவரிலிருந்து எடுக்காவிட்டால் இனி எங்கள் வீட்டுப் பக்கமே தலைவைக்க மாட்டேன் என்றும் எழுதியிருந்தீர்கள். எடுத்துவிடுவது என்றுதான் முடிவு செய்திருக்கிறேன். ஆனால் அது அங்கே எப்படி ஏறியது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவது என் கடமை. முப்பத்திநான்கு வருடம் லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன் நான். எது ஏறினாலும் எப்படி ஏறியது என்று எழுதிவைத்துப் பழக்கம்.

எங்கள் பேட்டையில் பொது நீச்சல் குளத்துக்குப் புதுக் கட்டடம் கட்டினார்கள். பொதுக் கட்டடம் என்றால் வாசல் சுவரில் ஒரு கலைப்படைப்பு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதாம். அந்தச் சுவரின் பூச்சில் விரிசல் விட்டிருப்பதாக நான் ஏழு கடிதங்கள் எழுதியிருந்தேன். ஏழாவது கடிதத்துக்குப் பதிலாக, என்னைக் கலைத்தேர்வுக் குழுவுக்குத் தலைவராக நியமித்து ஓர் ஆணை வந்தது. எட்டாவது கடிதம் எழுதாமல் தடுக்க வேறு வழி அவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. குழுவில் என்னோடு இருவர்: தெருமுனைப் பல் மருத்துவர், குளத்தின் பம்பு மெக்கானிக். கலை பற்றி எங்கள் மூவருக்கும் எந்த முன்முடிவும் கிடையாது, எந்த அறிவும் இல்லாததால்.

விண்ணப்பங்கள் வந்தன. ஒரு சிற்பி பன்னிரண்டு டன் எடையில் கருங்கல் மீன் ஒன்றை வாசலுக்கு மேலே தொங்கவிடலாம் என்றார். எந்தக் கொக்கியில் என்று கேட்டேன். அது கலையின் கேள்வி அல்ல என்றார். கீழே நிற்பவரின் கேள்வி என்றேன். இன்னொருவர் சுவரை வெறுமையாகவே விட்டு, ‘தண்ணீரின் இன்மை’ என்று பெயர்ப்பலகை வைக்கலாம் என்றார். பம்பு மெக்கானிக் கோபித்துக்கொண்டார். “தண்ணி இல்லைன்னு போர்டு வெச்சா எனக்குத்தானே சார் போன் வரும்?” என்றார். அந்த விண்ணப்பமும் தள்ளுபடி.

மூன்றாவதாக ஓர் ஓவியர் வந்தார். சின்ன வயதுப் பெண். டைல்ஸ் துண்டுகளை ஒட்டிச் சுவரில் சித்திரம் செய்கிறவர். கொண்டுவந்த நோட்டுப் புத்தகம் பாதி நனைந்து அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. “மூணு வாரமா குளத்தங்கரையிலயே உக்காந்து, வர்றவங்களையெல்லாம் வரைஞ்சேன் சார். எல்லார்கிட்டயும் கேட்டுட்டுத்தான் வரைஞ்சேன்” என்று பக்கங்களைப் புரட்டினார். மிதக்கிறவர்கள், காதில் தண்ணீர் போனவர்கள், ஏணியைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கிறவர்கள். கடைசிப் பக்கத்தில் ஓர் அம்மாள். குதிப்பதற்கான பலகையிலிருந்து எம்பி, இரண்டு முழங்காலையும் மார்போடு கட்டிக்கொண்டு, தலையில் ரப்பர் தொப்பி, கண் இறுக மூடி, வாய் முழுக்கத் திறந்து, ஆகாயத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மச்சான், நான் கலை பார்த்துக் கலங்குகிறவன் இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது, பல் மருத்துவர் தொண்டையைக் கனைத்தார். “இந்த அம்மா யாரு?” என்றேன். “புதன்கிழமை காலைல வர்றவங்க சார். வரைஞ்சுக்கோ, பேரு மட்டும் போடாதேன்னு சொன்னாங்க” என்றார் ஓவியர். அன்றைய குறிப்பேட்டில் என் கைப்பட எழுதினேன்: ‘இந்தப் பெண்மணியைச் சுவரின் நடுவில் வைக்கவும். மற்றவர்கள் சுற்றி மிதந்தால் போதும்.’

அன்று வீட்டுக்கு வந்ததும் உங்கள் தங்கையிடம் அந்த அம்மாளைப் பற்றியே பேசினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வலிக்காகத் தண்ணீருக்குள் நடக்கும் பயிற்சி என்று சொல்லி எட்டு மாதமாகக் குளத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது உங்களுக்கும் தெரியும். நீங்கள்தான் அந்தப் பயிற்சியைச் சிபாரிசு செய்தீர்கள்.

“அழகா இருந்தாங்களா?” என்று கேட்டாள்.

“அழகுன்னு சொல்ல முடியாது. ஆனா பாத்தா நமக்கே எங்கேயாவது குதிக்கணும் போல இருக்கு.”

“வயசு?”

“உன் வயசு இருக்கும். அந்த அம்மா வீட்டுக்காரர் குடுத்து வெச்சவர்.”

அவள் ஒரு துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். “அது அவருக்குத் தெரியணுமே” என்றாள். பிறகு நான் கேட்காமலேயே இரண்டாவது காபி வந்தது. முப்பத்தொரு வருடத்தில் இது மூன்றாவது முறை. அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் சர்க்கரை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

நான்கு மாதம் கழித்து, சாரத்தைப் பிரித்துத் துணியை விலக்கினார்கள். பரிசோதனைக்குக் குழு போயிற்று. நான் என் முறைப்படி டேப்பும் ஒரு ரூபாய் நாணயமுமாகப் போனேன். உள்ளே பசை பிடிக்காமல் இருந்தால் டைல்ஸைத் தட்டும்போது சத்தம் வேறு மாதிரி வரும். முழங்கால் முதல் கழுத்து வரை தட்டிக்கொண்டே ஏணியில் ஏறினேன். உடை பற்றி உங்களுக்குக் கவலை இருக்கிறது என்று அறிவேன். கழுத்திலிருந்து முழங்கால் வரை கருநீல டைல்ஸ், ஓர் இடத்திலும் இடைவெளி இல்லை, இதை நான் தொழில்முறையில் உறுதி செய்கிறேன். கீழே பல் மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “சார், மேல் வரிசையில இடது பக்கம் நாலாவது பல்லைத் தட்டிப் பாருங்க” என்றார். தட்டினேன். “கெட்டியா இருக்கு” என்றேன். “இருக்கும் சார். அது நான் கட்டின பல்லு” என்றார்.

மற்ற பற்களைவிட அந்த ஒரு டைல் துண்டு மட்டும் சற்றுக் கூடுதல் வெள்ளை. போன வருடம் உங்கள் தங்கைக்குக் கட்டிய பல்லை நிறம் பொருந்தவில்லை என்று நானே அவரிடம் சண்டை போட்டது நினைவுக்கு வந்தது. நான் ஏணியில், உங்கள் தங்கையின் மேலுதட்டுக்கு ஓர் அடி தூரத்தில் இருந்தேன். அவ்வளவு கிட்டத்தில் யாரையும் அடையாளம் தெரியாது என்று நினைக்கிறேன். மெதுவாக இறங்கி, தெருவைத் தாண்டி எதிர்ச் சாரிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். என் மனைவி.

“உங்களுக்குத் தெரியாதா?” என்றார் பம்பு மெக்கானிக். “அக்கா குதிச்சா பம்பு ரூம் வரைக்கும் கேக்கும் சார். ஊருக்கே தெரியும். நீங்க ஆசைப்பட்டு நடுவுல வெச்சிருக்கீங்கன்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டோம்.”

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெரிந்தே செய்தேன் என்றால், தலைவர் பதவியைப் பயன்படுத்திப் பெண்டாட்டியைச் சுவரில் ஏற்றியவன். தெரியாமல் செய்தேன் என்றால், சொந்தப் பெண்டாட்டியை அடையாளம் தெரியாதவன். நேர்மையா மானமா என்று வந்தபோது, அரசு ஊழியனாக இருந்த தோஷம், நேர்மையைத் தேர்ந்தெடுத்தேன். ‘தலைவர் தம் மனைவி என்று அறியாமலேயே மேற்படி உருவத்தைத் தேர்ந்தெடுத்தார் எனக் குழு ஒருமனதாக நம்புகிறது’ என்று தீர்மானம் எழுதி நிறைவேற்றினோம். பல் மருத்துவர் உடனே கையெழுத்திட்டார். மெக்கானிக் மட்டும் கொஞ்சம் தயங்கி, “நம்பறது கஷ்டம் சார். ஆனா உங்களைப் பாத்தா நம்பலாம்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தீர்மானத்தின் நகல் விதிப்படி வாசலில் ஒட்டப்பட்டது. உங்கள் தங்கை அதை இரண்டு முறை படித்ததாகக் கேள்வி.

வீட்டுக்கு வந்து, “ஏன் எங்கிட்ட சொல்லல?” என்றேன்.

“எதை?”

“நீ நீச்சல் கத்துக்கிட்டதை. அந்தப் பலகை மேலேருந்து குதிக்கிறதை.”

“அண்ணன்கிட்ட சொன்னா ஐயோ ஆழம்னுவார். உங்ககிட்ட சொன்னா எத்தனை அடின்னுவீங்க. ரெண்டு பேருக்கும் பதில் சொல்லி முடிச்சிட்டுக் குதிக்கிறதுக்குள்ள எனக்கு எழுபது வயசாயிடும்.”

இதில் உங்களையும் சேர்த்தது அவள்; நான் எழுதியதற்கு மட்டும்தான் பொறுப்பேற்க முடியும்.

உங்கள் கடிதம் வந்ததும் அவளிடம் காட்டினேன். சுவரில் ஒரு டால்ஃபினை வைத்துவிடலாம் என்று சொன்னேன். டால்ஃபினுக்கு உறவினர்கள் கிடையாது, யாரும் கடிதம் எழுத மாட்டார்கள். அவள் கோபப்படவில்லை. “சுவத்துலேருந்து எடுத்துடலாம். குளத்துலேருந்து எப்படி எடுப்பீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டு, ரப்பர் தொப்பியைக் கொடியில் காயப்போடப் போனாள். அந்தத் தொப்பி எட்டு மாதமாக அதே கொடியில்தான் தொங்கியிருக்கிறது. அதை ஏதோ சமையலறைச் சாமான் என்று நினைத்திருந்தேன்.

ஓவியரிடமும் பேசினேன். “ரெண்டு நாள்ல கொத்தி எடுத்துட்டு டால்ஃபின் ஒட்டிடலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல” என்றார். பிறகு நோட்டைப் பார்த்துக்கொண்டே, “ஆனா டால்ஃபின் பொறக்கும்போதே அப்படித்தான் சார் சிரிக்கும். இவங்க கத்துக்கிட்டுச் சிரிச்சாங்க” என்றார். சின்னப் பெண், ஏதாவது சொல்லும். நான் ஆணையைத் தட்டச்சு செய்து சட்டைப் பையில் வைத்துவிட்டேன். குடும்பத்தின் மூத்தவர் நீங்கள். உங்கள் சொல்லைத் தட்டி எனக்குப் பழக்கமில்லை. நாளை காலை ஓவியரிடம் ஆணை போய்ச் சேரும், நாளை மறுநாள் உளி விழும், வெள்ளிக்கிழமை டால்ஃபினுக்குக் கையெழுத்துப் போடுவேன். நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

உங்கள் துணைவியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். படத்தை உடனுக்குடன் உங்களிடம் சேர்த்த மருமகளுக்கு என் ஆசிகள். அவள் சுறுசுறுப்பு படிப்பிலும் தொடரட்டும். எல்லோரும் நீண்ட ஆயுளோடும் நல்ல பற்களோடும் இருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கும்,

உங்கள் தங்கையின் கணவரும்,
கலைத்தேர்வுக் குழுத் தலைவருமாகிய
நான்.

பி.கு.: மேலே உள்ளவற்றில் வணக்கம், ஆசி இரண்டையும் வைத்துக்கொண்டு மற்றதை ரத்து செய்ததாகக் கருதவும்.

புதன்கிழமை காலை ஆணையோடு போனேன். வாசலில் ஓவியர் இல்லை. உள்ளே வரைந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு கைப்பிடியையும் சோதித்திருக்கிறேன், ஆனால் ஆட்கள் குளிக்கும் நேரத்தில் உள்ளே போனதில்லை. போனபோது உங்கள் தங்கை பலகையின் நுனியில் நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. இரண்டு முறை எம்பினாள், மூன்றாவது எம்பலில் ஆள் மேலே. அவள் சிரிப்பு காற்றில் ஆரம்பித்துத் தண்ணீருக்கு அடியில் முடிந்தது. என் மூக்குக்கண்ணாடி முழுக்கத் தண்ணீர். நான் கை தட்டிக்கொண்டிருந்தேன் என்பது ஓவியர் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்குத் தெரிந்தது.

அவள் தலையை வெளியே நீட்டி, “என்னங்க, வீட்டுல ஏதாவது ஆயிடுச்சா?” என்றாள்.

“இல்ல. இன்னொரு தடவை குதி” என்றேன்.

நான்கு தடவை குதித்தாள். பெஞ்சு ஈரமாக இருந்ததால் ஆணையை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல தடிமனான தாள்.

வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காமல் நேரே அலுவலகத்துக்குப் போய் இறுதிச் சான்றிதழை வாங்கினேன். அதில் கடைசியாக ஒரு கேள்வி: ‘இப்படைப்பில் தலைவருக்குச் சொந்த ஈடுபாடு ஏதும் உண்டா?’ இல்லை என்று எழுதினால்தான் செல்லும் என்று குமாஸ்தா விரலால் காட்டினார். ‘உண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.