வாரத்துக்கு எழுபத்தொன்பதே டாலர்

மாதச் சம்பளக்காரர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தினக்கூலிக்காரர்களைப் பற்றியும் எழுதியாயிற்று. இரண்டுக்கும் நடுவே எங்கள் தெற்கு ஆக்லாந்தில் ஓர் இனம் செழித்து வளர்ந்திருக்கிறது. அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்கு வாரத்துக்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

வாரத்துக்காரரை அடையாளம் காண்பது சுலபம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வெளியே, ஜப்பானில் பாதி ஆயுளை ஓட்டி முடித்துவிட்டு வந்த ஒரு காரைத் தன் சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டு நிற்பார். நீங்கள் பக்கத்தில் போய், நல்ல வண்டியாக இருக்கிறதே, என்ன விலை என்று கேளுங்கள்.

"எழுபத்தொம்பது."

"எழுபத்தொம்பதாயிரமா?"

"வாரத்துக்கு."

"சரி, மொத்தம் எவ்வளவு?"

இந்த இடத்தில் அவர் உங்களை ஒரு தினுசாகப் பார்ப்பார். கல்யாண வீட்டில் வந்து மாப்பிள்ளை எந்த வருஷம் சாவார் என்று விசாரித்தவனைப் பார்க்கிற பார்வை அது. மொத்தம் என்று ஒன்று இருப்பதே அவருக்குப் பிடிக்காது. வீட்டு வாடகை வாரத்துக்கு, சம்பளம் வாரத்துக்கு, சோபா வாரத்துக்கு, டிவி வாரத்துக்கு. ஆண்டவரே உலகத்தை ஒரு வாரத்தில் முடித்துவிட்டாரே, அவர் என்ன மொத்தம் போட்டுப் பார்த்தா செய்தார்?

உதாரணத்துக்குச் செமிசியை எடுத்துக்கொள்வோம். டோங்கா தீவுக்காரர். வயது நாற்பத்தொன்று. தோள் அகலம், மனசும் அகலம், பர்ஸ் மட்டும் ஒல்லி. ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் தலையணை உறைகளையும் துவைக்கிற ஒரு பெரிய சலவை ஆலையில் வேலை. ஷிஃப்ட் காலை ஐந்து மணிக்கு. அந்தப் பக்கம் முதல் பஸ் எட்டிப் பார்ப்பது ஆறே காலுக்கு. இத்தனை நாள் தன் காரில் ஏற்றிக்கொண்டு போன சக தொழிலாளி குடும்பத்தோடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். மூன்று நாள் தொடர்ந்து ஆறரைக்குப் போய் நின்றதும் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"செமிசி, நீ நல்ல ஆளுதான். ஆனா அழுக்குப் போர்வை உனக்காகக் காத்துக்கிட்டிருக்காது. இனிமே மூணு தடவை லேட்டா வந்தா நான் வேற ஆளப் பாத்துக்குவேன்."

ஆக, வண்டி வாங்கியே தீரவேண்டும். ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்து வேலைக்குப் போய்த் திரும்ப ஒரு சின்ன வண்டி. அந்தச் சனிக்கிழமை மனைவி லவினியாவையும் கூட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது செமிசியின் மனதில் அதுதான் இருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; அவர் வைத்துக்கொள்ளவில்லை.

பழைய கார் விற்கிற இடத்தில் வரவேற்றவர் பெயர் மோசே. அவரும் டோங்காக்காரர்தான். என்ன வண்டி வேண்டும் என்று மோசே கேட்கவே இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்து, குரலைத் தாழ்த்தி, "வாரத்துக்கு எவ்வளவுண்ணே முடியும்?" என்று கேட்டார். செமிசிக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. என்ன சம்பாதிக்கிறாய் என்று கேட்டவர்கள் உண்டு. என்ன பாக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டவர்கள் ஏராளம். எவ்வளவு முடியும் என்று இத்தனை மரியாதையாக யார் கேட்டிருக்கிறார்கள்?

"அம்பது" என்றார்.

"அம்பதுக்கு அதோ நிக்குது பாருங்க, அந்தச் சிவப்பு. ஆனா உங்க உடம்புக்கு ஒரு கால வீட்லயே வச்சிட்டுத்தான் வரணும். இது பாருங்க, எட்டு சீட்டு. எழுபத்தொம்பதுதான். முழுசா இருபத்தொம்பது வித்தியாசம், அவ்வளவுதான். ஏண்ணே, அந்தச் சின்ன வண்டியில அத்தைய எங்க உக்கார வைப்பீங்க?"

மோசே கெட்டிக்காரர். டோங்காக்காரர்களான எங்களிடம் அப்பாவின் அக்கா என்றால் வீட்டில் அவளுக்கு மேல் ஆள் கிடையாது. கல்யாணமானாலும் சாவானாலும் அவள் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் உட்காரலாம். செமிசிக்கு அப்படி ஓர் அத்தை உண்டு, சிசிலியா என்று. அத்தைக்கு இடமில்லாத வண்டியை வாங்குவதும் அத்தையை நடுத்தெருவில் நிறுத்துவதும் ஒன்றுதான். அத்தை அப்படிச் சொன்னாளா? இல்லை. மோசே சொன்னார். போதாதா?

லவினியா மட்டும் கைப்பேசியை எடுத்து எழுபத்தொன்பதை இருநூற்றெட்டு வாரத்தால் பெருக்கினாள். வண்டிக் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருந்தது எட்டாயிரத்துச் சொச்சம். கைப்பேசியில் வந்தது பதினாறாயிரத்து நானூற்று முப்பத்திரண்டு. போன் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு தடவை பெருக்கினாள். பிறகு கணவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"நாலு வருஷத்துச் சுமைய ஏன் இன்னைக்கே தூக்கற? வாரா வாரம் தூக்கிக்கலாம், வை" என்றார் செமிசி. வாரத்துக்காரரின் வேதம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

பதினெட்டுப் பக்கம், இருபத்திரண்டு கையெழுத்து. அதில் ஒரு கையெழுத்து ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்கு. அது வண்டியின் ஸ்டியரிங்குக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும். தவணை கட்டவேண்டிய புதன்கிழமைக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து, வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் பீப், பீப் என்று ஞாபகப்படுத்தும். கட்டாவிட்டால் தொடர்ந்து கத்தும். பத்து நாள் கத்திவிட்டுப் பதினோராம் நாள் வண்டியைக் கிளம்பவிடாது. வாரம் எழுபத்தொன்பதில் மூன்று டாலர் இந்தப் பெட்டிக்கு வாடகை. தன்னைக் கட்டிப்போடுகிற கயிற்றுக்கும் தானே காசு கொடுக்கிற பிராணி இந்த இனம் ஒன்றுதான்.

வண்டிச் சாவியைத் திருகியதும் ஒரு ஜப்பானியப் பெண் குரல் இனிமையாக ஏதோ சொன்னது. "நல்வரவுன்னு சொல்றா" என்றார் மோசே. அன்றிலிருந்து அத்தை ஒவ்வொரு முறையும் அவளுக்கு, "சந்தோஷம் மகளே, நீயும் நல்லாயிரு" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் சாய்ந்து உட்காருவாள்.

எட்டு சீட்டு வண்டி வந்ததும் எட்டு சீட்டுக்கும் வேலை வந்துவிட்டது. டோங்காவிலிருந்து யார் இறங்கினாலும் விமான நிலையத்துக்குச் செமிசி. யார் செத்தாலும் இடுகாட்டுக்குச் செமிசி. பாடகர் குழு ஒத்திகை, மாமன் மகனின் ரக்பி, அத்தையின் முழங்கால் டாக்டர். பெட்ரோலுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை என்று சொன்னால் பாவம். ஆளுக்கு ஒரு மூட்டை சேப்பங்கிழங்கு கொடுத்தார்கள், டின் மாட்டிறைச்சி கொடுத்தார்கள். வண்டிக்குத்தான் கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்த ஓட்டத்தில் தூங்கிப்போய் இரண்டு தடவை செமிசி ஷிஃப்டுக்கே லேட். வேலைக்குப் போக வாங்கிய வண்டி இப்படி மூன்று தடவையில் இரண்டைத் தின்றுவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி.

பீப் சத்தத்துக்கு என்ன செய்தார் என்கிறீர்களா? சீட் பெல்ட் என்றார். திங்கள், செவ்வாய், புதனில் வண்டியில் ஏறுகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் பெல்ட்டை இழுத்து இழுத்து மாட்டுவார்கள். "பின்னாடி யாரோ சரியா போடல" என்று செமிசி கண்ணாடியில் பார்த்துக் கண்டிப்பார். அத்தை தன் பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொள்வாள்.

இதில் எங்கள் ஊர் நாகரிகம் ஒன்றைச் சொல்லவேண்டும். கூட்டம் முடிந்து தேவாலய வாசலில் நாற்பது வண்டிகள் கிளம்பினால் அதில் பதினைந்து வண்டியாவது கத்தும். ஒருவர் வண்டி கத்துவது இன்னொருவர் காதில் விழவே விழாது. பீப் என்றதும் பக்கத்தில் நிற்பவர் வானத்தை அண்ணாந்து பார்த்து, "மழை வரும் போலிருக்கே" என்பார். வண்டிக்காரரும் தலையை வெளியே நீட்டி, "ஆமா, வரும் போலத்தான் இருக்கு" என்பார். கொளுத்துகிற ஜனவரி வெயிலிலும் எங்கள் தேவாலய வாசலில் மழைப் பேச்சு ஓய்ந்ததில்லை.

எட்டு மாதம் இப்படி ஓடியது. பிறகு மிசினாலே வந்தது. வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, தேவாலயக் காணிக்கை. ஒவ்வொரு குடும்பத்தின் பெயரையும் கூப்பிடுவார்கள். எழுந்து போய்ப் பணத்தை வைக்கவேண்டும். வைத்த தொகையைச் சபை முழுக்கக் கேட்க வாசிப்பார்கள். போன வருஷம் செமிசி குடும்பம் இருநூறு. அப்போது வண்டி இல்லை, யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்த வருஷம் எட்டு சீட்டு வண்டி வைத்திருக்கிறவர் இருநூறு வைக்கலாமா? இரண்டு புதன்கிழமைத் தவணையை நிறுத்திப் பணத்தைச் சேர்த்தார்.

"பெட்டி நிறுத்திப்புடும்" என்றாள் லவினியா.

"பதினோரு நாள் இருக்கு. ரெண்டு வாரம் மாதிரி. அதுக்குள்ள சம்பளம் வந்துரும், கட்டிரலாம்."

பாருங்கள், இதுதான் இந்த இனத்தின் கணக்கு. நாளும் தேதியும் அவருக்குத் தெரியாது. பதினொன்று என்றால் ஏழுக்கு மேலே. அப்படியானால் இரண்டு வாரம். நடுவில் காணாமல் போன மூன்று நாள் எங்கே போயிற்று என்று அவர் தேடவில்லை. முதலில் தவறவிட்ட புதனிலிருந்து எண்ணினால் பதினோராம் நாள் சரியாக மிசினாலே ஞாயிறு.

"செமிசி குடும்பம், ஐநூறு டாலர்."

சபையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. இனிமையான முணுமுணுப்பு. செமிசி வாழ்க்கையிலேயே அவ்வளவு உயரமாக நடந்து வந்து உட்கார்ந்ததில்லை. ஒரு மணி நேரம் கழித்து, அத்தை முதல் எட்டுப் பேரும் ஏறி உட்கார்ந்ததும், சபையே பார்த்துக்கொண்டிருக்கச் சாவியைத் திருகினார். ஜப்பானியப் பெண் பேசினாள். பீப் என்றது. வண்டி கிளம்பவில்லை. மறுபடி திருகினார். அவள் பேசினாள். பீப். அவ்வளவுதான்.

"பேட்டரி" என்றார் செமிசி.

"பேட்டரிதான்" என்றார்கள் எல்லாரும் ஒரே குரலில். ஐந்து பேர் ஓடிப்போய் ஐந்து வண்டியிலிருந்து பேட்டரி வயர் கொண்டுவந்தார்கள். எந்தக் குறையும் இல்லாத ஒரு பேட்டரிக்கு அரைமணி நேரம் வைத்தியம் நடந்தது. ஒருவர் சிவப்பு வயரைப் பிடித்தார், ஒருவர் கறுப்பை. மூன்றாமவர் வானத்தைப் பார்த்துக்கொண்டார். செமிசிக்கு வேர்த்துக் கொட்டியது. நாளைக் காலை ஐந்து மணி அவர் கண் முன்னே நின்றது; லேட்டானால் அது மூன்றாவது தடவை. வேலை போனால் எழுபத்தொன்பது ஏது, ஐநூறு ஏது, வாடகைதான் ஏது? ஓடிப்போய்க் காணிக்கைத் தட்டிலிருந்து நூற்றைம்பத்தெட்டு டாலரைத் திருப்பி எடுத்துக்கொண்டு வரலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

லவினியாவுக்கு வேறு ஒன்று தோன்றியது. சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் கைப்பேசியில் மொழிபெயர்ப்பைப் போட்டு ஜப்பானியப் பெண்ணின் வாய்க்கு நேரே பிடித்தாள்.

"இவ நல்வரவுன்னு சொல்லல."

"பின்ன?"

"கார்டு போடலன்னு சொல்றா. அங்க ரோட்டுல சுங்கம் கட்டற கார்டாம்."

பின் சீட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"அடப்பாவி, எட்டு மாசமா அவ காசுதான் கேட்டிருக்கா, நான் வாழ்த்திக்கிட்டு இருந்திருக்கேன். டேய் செமிசி, என் பெல்ட்டு நல்லாத்தான் மாட்டியிருக்கு. முதல் நாள்லேருந்து நல்லாத்தான் மாட்டியிருக்கு. அவங்கள வயரக் கழட்டச் சொல்லு, அந்த பேட்டரி பாவம்."

அத்தை கைப்பையைத் திறந்து தன் வங்கி அட்டையை எடுத்தாள். அதிலிருந்தது டோங்காவிலிருக்கும் தங்கையைப் பார்க்கப் போக அவள் சேர்த்து வைத்திருந்த பணம். லவினியா கடன் கொடுத்த கம்பெனியின் எண்ணைக் கூப்பிட, அத்தை பதினாறு இலக்கத்தையும் ஜெபம் சொல்கிற நிதானத்தோடு சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் வண்டி கிளம்பியது. செமிசிக்கு அவமானமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. கண்ணீர் வந்துவிட்டது.

"வாரம் இருபது இருபதா குடுத்துடறேன் அத்தை."

"எத்தனை வாரம்டா?"

செமிசி திரும்பி லவினியாவைப் பார்த்தார். லவினியா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கே ஆலை வாசலில் நின்றார். வேலை தப்பியது. திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? செவ்வாய்க்கிழமை மோசே கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க கணக்கு கிளீன் ஆயிருச்சு. உங்கள மாதிரி கஸ்டமருக்கு ஒரு புது வண்டி வந்திருக்கு, ரெண்டு வருஷம் இளசு. பழைய கடன அதுக்குள்ளயே சேத்துக்கலாம். வாரத்துக்குப் பதினொண்ணுதான் கூட."

"பதினொண்ணுதானா?" என்றார் செமிசி. "அந்த ஜப்பான்காரி இருக்காளா?"

"இல்லண்ணே. இது வாயே திறக்காது."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பேனாவை வாங்கினார் என்பதுவரை எனக்குத் தெரியும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நாமெல்லாம் வாரத்துக்காரர்களா என்ன, மாதத்துக்காரர்கள். உங்கள் கையிலிருக்கும் போன் என்ன விலை? அந்த ஃப்ரிட்ஜ்? வாசலில் நிற்கிற பைக்? மாதம் எவ்வளவு என்று கேட்கவில்லை, மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். என்ன, என்னை ஒரு தினுசாகப் பார்க்கிறீர்கள்? சரி, விடுங்கள். உங்கள் பக்கமிருந்து பீப் என்று ஏதோ சத்தம் வந்ததுபோல் இருந்தது. என் காதில் ஒன்றும் விழவில்லை. மழை வரும் போலிருக்கிறது, இல்லையா?