குழியில் விட்ட விரால்

நான் படித்த முட்டாள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். படிக்காத முட்டாள் சும்மா இருந்துவிடுவான். நாங்கள் திட்டம் போட்டுச் செய்வோம்.

எழுபதுகளின் நடுவில், பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்துவிட்டு (விலங்கியல் படித்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை) கடல் இல்லாத நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து ஒரு கட்டுமான கம்பெனியில் சேர்ந்தேன். கடற்கரையில் ஐஸ் பாக்டரி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி அனுமதி வாங்குவது என் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார் மேனேஜர். ஐந்தரை மாதம் ஓடியிருந்தது.

அப்போது பார்த்து, பக்கத்து ஊர் மீன்பிடிக்காரர்கள் மனு கொடுத்துவிட்டார்கள். சிமெண்டுத் தண்ணீர் கடலில் விழுகிறது, கரையில் மீன் அண்டவில்லை என்று. முதல் கையெழுத்து சந்தியாகு அண்ணாச்சி. திங்கட்கிழமை சுகாதார அதிகாரி நேரில் வருவதாகக் கடிதம் வந்தது.

"வேலய நிறுத்தச் சொன்னா, நீயும் பெட்டியக் கட்டிரு" என்றார் மேனேஜர்.

அவசரமாக ஒரு குழி வெட்டினேன், கழிவுநீர் இதில் தெளிந்துதான் போகிறது என்று காட்ட. கடற்கரை மணல் அல்லவா, தண்ணீர் தானாக ஊறி, பளிச்சென்று நின்றது. (கழிவு ஒரு சொட்டுகூட அங்கே வரவில்லை. கலவை மிஷின் கழுவுகிற தண்ணீர் பின்சுவர் ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நன்றாகத் தெரியும்.) அதோடு விட்டிருக்கலாம். மீன் நீந்துகிற தண்ணீரை எவன் குறை சொல்லுவான் என்று ஒரு யோசனை வந்து தொலைத்தது. மனு கொடுத்தவர்களிடமே போய் உயிர்மீன் கேட்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய், ஆராதனை முடிந்ததும் குளத்து விரால் பத்து வாங்கி, குடத்தோடு பஸ் ஏறினேன்.

திங்கள் காலை குழியில் விட்டேன். என்ன துள்ளல். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோரு மணிக்கு அதிகாரியும் சந்தியாகு அண்ணாச்சியும் வந்தபோது பத்தும் மல்லாந்து கிடந்தன.

"என்னய்யா இது?" என்றார் அதிகாரி.

"மீன் சார்."

"அது தெரியுது. செத்துல்லா கெடக்கு." பேனாவை எடுத்தார். பெட்டியைக் கட்ட மனசுக்குள்ளே ஆரம்பித்துவிட்டேன்.

சந்தியாகு அண்ணாச்சி குத்தவைத்து, ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"நாசரேத்து, அண்ணாச்சி."

"அதான பாத்தேன்." அதிகாரி பக்கம் திரும்பினார். "ஐயா, இது விராலு, கொளத்து மீனு. குழில கெடக்கது கடத்தண்ணி. இத நடுக்கடல்ல விட்டாலும் சாகத்தான் செய்யும். இதுக்காவ இவுக மேல எழுதாதீய."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எதிர்க்கட்சிக்காரர் எனக்காகப் பேசுகிறாரே, கும்பிடலாமா என்று பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நாங்க மனுவுல எழுதுன தண்ணி வேற. அது பின்சுவர்ல போவுது. இங்கன வாங்க."

போனார்கள். பாலாறு மாதிரி வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. வேலையை நிறுத்தச் சொல்லி அங்கேயே எழுதிக் கொடுத்துவிட்டார் அதிகாரி.

மாட்டிக்கொண்டதுகூடப் பெரிதாகப் படவில்லை. தனக்குச் சாதகமான பொய்யையே அந்த மனிதர் வேண்டாம் என்றுவிட்டார். அதுதான் ரொம்ப வெட்கமாக இருந்தது. மேனேஜர் என்னைத் துரத்தவில்லை. நிஜமான குழி கட்டி முடிக்கிறவரை வெயிலில் நிற்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. நிரந்தரம் மட்டும் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போனது.

கல்யாணமான புதிதில் இதை மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டு, பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு நிறுத்தி, எப்படி என்று கேட்டேன். அவள் உள்ளே இருந்தபடியே கேட்டாள்:

"பின்சுவர் அடிச்சாச்சா?"

அடிக்கவில்லை.