சாய்வுப் பாதையில் ஒரு சமூகப் பணியாளன்

மாற்றுத்திறன் குழந்தைகள் மேல் அக்கறை பொங்கி நான் பிராஜெக்டுக்கு அந்தத் தலைப்பை எடுக்கவில்லை. "அந்தத் தலைப்புன்னா வைவாவுல யாரும் குறுக்குக் கேள்வி கேக்க மாட்டாங்கடா" என்று ஒரு சீனியர் சொன்னார், எடுத்தேன்.

அப்போது திருச்சியில் சமூகப்பணி முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். உப்பிலியபுரத்தில் அப்பா, "பையன் டவுன்ல ஆராய்ச்சி பண்றான்" என்று உரக்கடை வரைக்கும் சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் ஒரு பேட்டியாவது எடுத்து வராவிட்டால் பிராஜெக்ட் கிடையாது, ஒரு வருஷம் போச்சு என்று எனக்கு வழிகாட்டியாக இருந்த மேடம் சொல்லிவிட்டார். (மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் காதில் விழுந்தது அந்த வெள்ளிக்கிழமைதான்.)

சீனியரின் பழைய பிராஜெக்ட் கைவசம் இருந்தது. முதியோர் இல்லம் பற்றியது. கம்ப்யூட்டரில் 'முதியோர்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'குழந்தைகள்' என்று ஒரே தட்டில் மாற்றினேன். நாற்பது கேள்வி தயார். ஒருமுறை படித்துப் பார்த்தேனா? சமையல்காரரே ருசி பார்க்காத ஹாஸ்டலில் வளர்ந்தவன் நான்.

சனிக்கிழமை ரூம்மேட்டின் பச்சை ஸ்கூட்டரை இரவல் வாங்கிக்கொண்டு தில்லை நகரில் ஒரு தெரபி சென்டருக்குப் போனேன். தெரு முழுக்க வண்டிகள். நல்லவேளை, சென்டர் வாசலில் படிக்குப் பக்கத்தில் வழவழவென்று ஒரு சரிவு, மர நிழலோடு காலியாக இருந்தது. நிறுத்தி, ஹேண்டில் லாக் போட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த வேதா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வயது. பக்கத்தில் அவள் அம்மா.

"வாங்கோ, உக்காருங்கோ. எதைப் பத்தி ஆராய்ச்சி?"

"உங்க கஷ்டத்தைப் பத்திம்மா" என்று முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" என்றார் அம்மா.

வேதாவின் பெயர், வயது, வகுப்பு எல்லாவற்றையும் அம்மாவிடமே கேட்டேன். "அண்ணா, நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேதா கேள்வித்தாளைப் பிடுங்கிச் சத்தமாகப் படித்தாள்.

"'உங்கள் பேரப்பிள்ளைகள் உங்களைப் பார்க்க வருகிறார்களா?' மொதல்ல அரையாண்டுப் பரீட்சை முடியட்டும்ணா."

தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவள் விடவில்லை.

"'ஓய்வூதியம் மருந்துச் செலவுக்குப் போதுமா?' அம்மா, எனக்குப் பென்ஷன் வரதா?"

"வந்தா என்கிட்ட சொல்லுவியோ நீ?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. "வெளிய போய் வர்றதுக்கு உனக்கு இருக்கிற பெரிய தடை என்னம்மா?" சமுதாயத்தின் மனப்பான்மை என்று சொல்வாள், அப்படியே எழுதிக்கொள்ளலாம் என்று பேனாவைத் திறந்தேன்.

அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "இப்போதைக்கு, அந்தப் பச்சை ஸ்கூட்டர்."

வெளியே வாட்ச்மேன் கத்திக்கொண்டிருந்தார். "எந்தப் புண்ணியவான்யா ராம்ப்ல வண்டியப் போட்டுப் பூட்டிட்டுப் போனது?" கீழே இரண்டு சக்கர நாற்காலிகள் ஏற வழியில்லாமல் வெயிலில் நின்றன. ஓடினேன். பதற்றத்தில் லாக் திறக்கவில்லை. நானும் வாட்ச்மேனும் வேதாவின் அம்மாவும் சேர்ந்து அதைத் தூக்கினோம். ஜன்னலிலிருந்து வேதா, "அண்ணா, பின்பக்கம் தூக்குங்கோ!" என்று மேற்பார்வை செய்தாள். வெட்கத்தில் அப்படியே காவிரியில் இறங்கிவிடலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை மேடம் கையில் என்னிடமிருந்த ஒரே ஒரு பேட்டியைக் கொடுத்தேன். வேதாவே தன் கையெழுத்தில் நிரப்பியது. பேரப்பிள்ளைகள்: இப்போதைக்குத் திட்டம் இல்லை. ஓய்வூதியம்: வந்ததும் சொல்கிறேன். பெரிய தடை: பச்சை ஸ்கூட்டர்.

மேடம் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உனக்காக இல்ல, இந்தப் பொண்ணுக்காகக் கையெழுத்துப் போடறேன். தலைப்ப மாத்து."

அடுத்த இரண்டு மாதம் இஞ்ச் டேப்போடு தில்லை நகரிலும் ஸ்ரீரங்கத்திலும் சாய்வுப் பாதைகளை அளந்தேன். பாஸும் ஆனேன். (அப்பா ஊரில், "பையன் சர்வேயர் ஆயிட்டான்" என்று மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.) இன்றும் நான் எதையாவது படிக்காமல் கையெழுத்துப் போட்டால் என் மனைவி, "பேரப்பிள்ளைங்க சௌக்கியமா?" என்று கேட்பாள்.

போன மாதம் வேதா போனில் கூப்பிட்டாள். இப்போது அவளும் அதே படிப்பு.

"பிராஜெக்டுக்குத் தலைப்பு எடுத்துட்டேண்ணா. எங்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன்னு வரவாளைப் பத்தி. மொத பேட்டி உங்களோடதுதான்."

பெருமையாகச் சரி என்றேன். கேள்வித்தாள் வாட்ஸப்பில் வந்தது. முதல் கேள்வி: 'உங்கள் வண்டியை இப்போது எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்?'

பதில் எழுதுவதற்கு முன் ஒரு நடை வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.