அம்மாவைப் படகில் ஏற்றியவள்

ஓவியர்களில் எத்தனையோ வகை உண்டு. கலிபோர்னியாவில் எங்கள் வியட்நாம்காரர் பேட்டையில் இப்போது முளைத்திருப்பது ஒரு தனி இனம்: குடும்பக்கதை ஓவியர்கள். கண்டுபிடிப்பது சுலபம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை 'வேர்' என்பார்கள்; அம்மாவின் பழைய சட்டை, சீப்பு, போட்டோ எதையும் வீட்டில் விட்டுவைக்காமல் அள்ளிக்கொண்டுபோய், ஆணியடித்துச் சுவரில் மாட்டி, பக்கத்திலேயே நின்று பெருமூச்சு விடுவார்கள். அம்மா வீட்டில் தலைவிரிகோலமாகச் சீப்பைத் தேடிக்கொண்டிருப்பாள்.

என் தங்கை சுவாங்கின் மகள் யென் இதில் முதல் தரம். அம்மா நாட்டைவிட்டு வந்த கதையை மூன்று வருஷம் வரைந்தாள். அலை, படகு, படகில் அழுகிற அம்மா, மறுபடியும் அலை. கண்காட்சியில் நாலு பேர் முன்னால் அம்மா "ஆமா, இப்படித்தான்" என்று சொல்லிவிட்டால் அவளுக்கு ஜென்மம் கடைத்தேறிவிடும். அம்மாவிடம் கேட்காமலும் இல்லை.

"படகுல எத்தனை நாள்மா இருந்தே?"

நகம் அழகுபடுத்தும் கடையில் நாள் முழுக்க ஊரார் கால்நகத்துக்குச் சாயம் பூசிவிட்டு வந்தவள் என்ன சொல்வாள்? "சாப்டியா?" என்பாள். யென் உடனே நோட்டில் எழுதுவாள்: 'ஆறாத காயம். அம்மாவால் பேச முடியவில்லை.'

திறப்பு விழாவில் அம்மா கையில் மைக்கைக் கொடுத்தாள். சுவாங் படத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு. ஆனா நான் ப்ளேன்ல வந்தேன்டி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யென்னுக்கு முகம் செத்துப்போயிற்று.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"எத்தனை நாள்னு கேட்டே. எதுல வந்தேன்னு கேட்டியா? பாவம், ஆசையா வரையிறே, எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

"அப்போ படகுல வந்தது யாரு?"

பலகாரத் தட்டோடு ஓரமாக நின்ற என்னைக் காட்டினாள். "உன் பெரியம்மா. அக்காதான் முன்னாடி வந்து, விசாவுக்கு எழுதிப்போட்டு எங்களை வரவழைச்சா."

ஆமாம், நான்தான். ஒன்பது நாள். ஞாயிறு தவறாமல் சாப்பாட்டு மேசையில் யென்னுக்கு எதிரே உட்கார்ந்து, தொட்டுக்கொள்ள மீன்சாறு எடுத்துக் கொடுத்தவள். கோபம் இல்லை என்றால் அது பொய்.

யென் திருதிருவென்று விழித்தாள். பிறகு தட்டை வாங்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "பெரியம்மா, ரொம்ப அழுதீங்களா?"

பார்த்தீர்களா, இனத்தின் குணம்!

"அழறதுக்கு எங்கடி நேரம்? ஒன்பது நாளும் வாந்தி."

அவள் கை நோட்டைத் தேடியது. "எழுதாதே, கேளு" என்றேன். கேட்டாள். கண்காட்சிக்காரர்கள் விளக்கணைத்து எங்களை வெளியே அனுப்பும்வரை கேட்டாள்.

நீங்கள் சிரிப்பது காதில் விழுகிறது. சிரியுங்கள். அதற்கு முன்னால் ஒன்று: உங்கள் அம்மா கல்யாணமாகி உங்கள் ஊருக்கு முதல்முதலாக வந்தது பஸ்ஸிலா, ரயிலிலா?